மேஸ்திரியின் நோட்டில் இருந்த சேறு

2016 மே மாதம், அக்னி நட்சத்திர வெயில். கடலூரில் கெடிலத்தின் வடகரையில், மஞ்சக்குப்பத்துக்குச் சற்று மேற்கே, ஒரு திருமண மண்டபத்துக்காக மண் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. மனையின் நான்கு மூலையிலும் நான்கு துளை. வடகிழக்கு மூலையில் மூன்றாவது துளை போட்டுக்கொண்டிருந்தபோது மேஸ்திரி வின்ச்சை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஐந்து மீட்டர் தாண்டியதும் ராடு தன் கனத்துக்கே இறங்குகிறது. வெளியே வரும் தண்ணீரும் கறுப்பாக இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள்."

நான் வேப்பமர நிழலில் அட்டையும் பேனாவுமாக நின்றிருந்தேன். அட்டையில் செருகியிருந்த படிவத்தில் 1.5, 3.0, 4.5, 6.0 என்று ஆழங்கள் முன்கூட்டியே அச்சாகியிருந்தன. ஐந்துக்கு வரிசை கிடையாது. தலையை ஆட்டினேன்; எழுதவில்லை. 4.5 மீட்டரில் சாம்பல் நிற நுண்மணல், மண்ணின் இறுக்கத்தைக் காட்டும் சுத்தியல் அடி எண்ணிக்கை 13. ஆறு மீட்டரில் அதே மணல், 16. அன்று இரவு திருப்பாதிரிப்புலியூர் விடுதி அறையில், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, "3.0 முதல் 9.0 மீட்டர் வரை: சாம்பல் நிற நுண்மணல், நடுத்தர இறுக்கம்" என்று ஒரே கட்டமாக எழுதி முடித்தேன். பார்ப்பதற்கு அழகான போர் லாக், அதாவது துளையில் எந்த ஆழத்தில் என்ன மண் என்று காட்டும் பதிவு. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. கையெழுத்துப் போடும் உரிமை புதிது. கொஞ்சம் பெருமையாகவே போட்டேன்.

மண்டபம் எழும்பியது. தூணுக்கு ஒன்றாகத் தனித்தனி ஃபுட்டிங் அடித்தளம், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் ஆழத்தில். 2015 வெள்ளத்தை நேரில் பார்த்த உரிமையாளர், திறப்பு விழாவுக்கு முன்பு முற்றம் முழுவதும் கிராவல் கொட்டி 1.2 மீட்டர் உயர்த்தினார். ஐந்து மாதத்தில் வடகிழக்கு மூலை அறைகளின் கதவு, ஜன்னல் முனைகளிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்பியது. மற்ற மூன்று மூலைகளிலும் மயிரிழை கூட இல்லை.

அதற்குள் நான் அந்த வேலையை விட்டுவிட்டு, புதுச்சேரியில் அடித்தளம் வடிவமைக்கும் ஓர் அலுவலகத்துக்கு மாறியிருந்தேன். விரிசலைப் பார்த்து வரும்படி என்னையே அனுப்பினார்கள். உரிமையாளர் பீரோவிலிருந்து எடுத்து நீட்டிய மண் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பிரித்தால், லாக்கின் அடியில் என் கையெழுத்து.

பண்ருட்டியில் இருந்த மேஸ்திரிக்குப் போன் செய்தேன். அவருக்குக் கூலி மீட்டர் கணக்கில். அதனால் தனக்கென்று ஒரு நோட்டு வைத்திருப்பார். தேடி எடுத்துப் படித்துக் காட்டினார். "மூன்றாம் துளை. ஐந்துக்கு மேல் சேறு. ராடு தானாக இறங்கியது. ஆறில் மறுபடி மணல்." அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால் கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர், "நான் அப்போதே சொன்னேனே தம்பி" என்று கூடச் சொல்லவில்லை.

பழைய துளைக்கு ஒரு மீட்டர் தள்ளிப் புதுத் துளை போட்டு, இடைவெளி விடாமல் மாதிரி எடுத்தோம். 5.1 மீட்டரில் தொடங்கி 5.8 வரை கறுப்புக் களிமண், அழுகிய இலை வாடையுடன். எழுபது சென்டிமீட்டர். விரலால் அழுத்தினால் பிதுங்கியது. அடித்தளத்தின் சுமை அந்த ஆழத்துக்குப் போய்ச் சேரும்போது பரவி மெலிந்துவிடும். அது மட்டும் இருந்திருந்தால் ஒருவேளை சமாளித்திருக்கும். ஆனால் 1.2 மீட்டர் கிராவல் என்பது ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறத்தாழ இரண்டு டன். அகலமாகக் கொட்டிய பாரம் ஆழத்தில் மெலிவதில்லை, அப்படியே போய் உட்காரும். அந்தப் பாரம் யாருடைய கணக்கிலும் இல்லை. நான் லாக்கில் சேற்றை எழுதவில்லை. வடிவமைத்தவரிடம் மண் கொட்டப்போவதாக யாரும் சொல்லவில்லை. விரிசல் இந்த இரண்டுக்கும் பிறந்த பிள்ளை.

பிறகுதான் புல வரைபடத்தை வாங்கிப் பார்த்தோம். அந்த மூலையைத் தொட்டுக்கொண்டு ஒரு வாய்க்கால் புறம்போக்கு போகிறது. அங்கே எருமை குளிக்கும் குட்டை ஒன்று இருந்ததாகவும், தன் சிறு வயதிலேயே தூர்ந்துவிட்டதாகவும் தெருமுனை டீக்கடைக்காரர் சொன்னார். ஐந்து மீட்டர் ஆழத்துச் சேறு அந்தக் குட்டையுடையது அல்ல, அதைவிடப் பழையது. ஆனால் தண்ணீர் ஒரு முறை ஓடிய தடத்தில்தான் மறுபடி மறுபடி ஓடும். துளை போடும் முன்பே அந்த டீக்கடையில் ஒரு டீ குடித்திருக்கலாம்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். சுத்தியலால் அடித்து மண்ணின் இறுக்கத்தை அளக்கும் எஸ்பிடி சோதனை 1.5 மீட்டருக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் ஸ்பூன் எனும் மாதிரிக் குழாய் 45 சென்டிமீட்டர் இறங்குகிறது. ஆக, துளையின் நீளத்தில் நாம் கண்ணால் பார்ப்பது பத்தில் மூன்று பங்கு; மீதி ஏழு பங்கு, துளைக்குள் செலுத்தும் வாஷ் தண்ணீரோடு கலங்கி வெளியே போகிறது. பக்கவாட்டில் நிலைமை இன்னும் மோசம். 150 மில்லிமீட்டர் விட்டத்தில் நான்கு துளை என்றால் மொத்தப் பரப்பு 0.07 சதுர மீட்டர். மனை ஆயிரம் சதுர மீட்டர். பதினாலாயிரத்தில் ஒரு பங்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு மீதியைப் பற்றி நாம் கட்டம் கட்டமாக வர்ணம் தீட்டுகிறோம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அது ஒரே அரிசியைப் போட்டு ஒரே தீயில் வெந்த பானைக்குச் சரி. கெடிலமும் தென்பெண்ணையும் ஆயிரம் வருடமாக ஆளுக்கு ஒரு பக்கம் அரிசியைக் கொட்டிய பானைக்கு அது பொருந்தாது.

எங்கள் மண்டபத்தில் நடுத்துளை போடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 1892, அப்போது 0.4 ஹெக்டேர் அளவுள்ள கட்டட மனைக்கு நான்கு மூலையில் நான்கும் நடுவில் ஒன்றும் கேட்டது. மனை அதைவிடச் சிறியது என்று உரிமையாளர் பேரம் பேசி நடுத்துளையைக் குறைத்தார். நடுவில் போட்டிருந்தாலும் அந்தச் சேறு அகப்பட்டிருக்காது. இருந்ததே மூலையில், அதுவும் நான்கு துளையில் ஒன்றில். துளை அகப்படுத்திவிட்டது, எழுதுகிற கை விட்டுவிட்டது.

அடுத்து, அடி எண்ணிக்கை. ஆங்கில எழுத்தான 'என்'னைச் சேர்த்து இதை நாங்கள் என் மதிப்பு என்போம். தமிழில் படித்தால் "என்னுடைய மதிப்பு" என்று பொருள் வருகிறது. அதுவும் தப்பில்லை, ஏனென்றால் அடிப்பவரைப் பொறுத்து அது மாறும். 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட வேண்டும். ஸ்பூன் முதல் 15 சென்டிமீட்டர் இறங்க ஆகும் அடிகளை ஒதுக்கிவிட்டு அடுத்த 30 சென்டிமீட்டருக்கு எத்தனை அடி என்று எண்ண வேண்டும். இது புத்தகம். களத்தில் மாலை நாலரை மணிக்குக் கயிறு இழுக்கிறவருடைய கை சோர்ந்து 75 அறுபது ஆகிவிடும். உருளையில் கயிற்றை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினால் சுத்தியல் தடையின்றி விழாமல் உரசிக்கொண்டே விழும். உயரம் குறைந்தாலும் உரசினாலும் அடியின் வேகம் குறையும், எண்ணிக்கை கூடும், மண் இல்லாத பலம் பெற்றதாக லாக் சொல்லும். ஒரு முறை சந்தேகம் வந்து ஒரு சுத்தியலைப் பழைய இரும்புக் கடைத் தராசில் ஏற்றினோம். 58 கிலோ. கடைக்காரர் விலை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இதற்கு நேர் எதிரான தவற்றை அரியாங்குப்பம் பக்கத்தில் பார்த்தேன். ஆற்று முகத்துக்கு அருகில் இரண்டு மாடி வீடு. லாக்கில் ஒன்பது மீட்டரில் என் மதிப்பு 5 என்று இருந்தது. அதைப் பார்த்துப் பைல், அதாவது ஆழமாக இறங்கும் தூண் அடித்தளம், போட வேண்டும் என்று ஒருவர் சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் வங்கிக் கடன் கணக்கைப் பார்த்து நொந்து போயிருந்தார். எனக்கு உறுத்தியது ஒன்றுதான். ஏழரை மீட்டரில் 15, பத்தரையில் 19, நடுவில் மட்டும் 5. மூன்றும் ஒரே மணல். களக் குறிப்பைக் கேட்டு வாங்கினேன். ஒன்பது மீட்டர் தோண்டியதாக எழுதியிருந்தது. ஆனால் ஸ்பூனை இறக்கும்போது அது 8.3 மீட்டரிலேயே நின்றதற்கான ராடு கணக்கு ஓரத்தில் இருந்தது. எழுபது சென்டிமீட்டர் மணல் அடியிலிருந்து, துளைச் சுவர் சரியாமல் தாங்கும் கேசிங் குழாய்க்குள் பொங்கி ஏறியிருக்கிறது. கேசிங்கில் தண்ணீர் வெளியே இருக்கும் நிலத்தடி நீரைவிடத் தாழ்வாக இருந்தாலோ, மண் அள்ளும் குழாயை வெடுக்கென்று மேலே இழுத்தாலோ இப்படி ஆகும். உறை கிணறு இறக்குகிறவர்களுக்கு ஊற்று மணல் பொங்குவது நன்றாகத் தெரியும், அதேதான் இது. பொங்கித் தளர்ந்த மணலில் அடித்த அடிகளைத்தான் லாக் 5 என்று காட்டியது. கேசிங் வாய் வரை பெண்டோனைட் களிமண் கரைசல் நிரப்பி, மெதுவாக இழுத்து, பக்கத்தில் இன்னொரு துளை போட்டதில் ஒன்பது மீட்டரில் 17 வந்தது. பைல் தேவைப்படவில்லை.

இதே வகை நுண்மணலிலும் வண்டலிலும் இன்னொரு குழப்பம் உண்டு. நீர்மட்டத்துக்குக் கீழே எண் 15-ஐத் தாண்டினால், தாண்டிய பகுதியில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 25 வந்தால் 20. லாக்கில் அச்சாகியிருக்கும் எண் களத்தில் எண்ணியதா, திருத்திய பிறகு போட்டதா என்று பல ரிப்போர்ட்டுகளில் சொல்லவே மாட்டார்கள். ஒருவர் திருத்திய எண்ணை மற்றொருவர் மறுபடி திருத்தியதைப் பார்த்திருக்கிறேன். போன் செய்து கேட்டால் இரண்டு நிமிட வேலை.

கேப்பர் மலைக் கதை வேறு மாதிரி. கடலூருக்குத் தெற்கே அந்தச் செம்மேட்டை ஏறும் எவருக்கும் கீழே பாறைதான் என்று தோன்றும். கடலூர் மணற்கல் என்று புவியியலாளர்கள் ஊரின் பெயரிலேயே அழைக்கும் படிவம் இது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை வைத்திருப்பதும், திருவக்கரையில் கல்லான மரங்களை வைத்திருப்பதும் இதே படிவம்தான். பெயரில் கல் இருந்தாலும் உள்ளே மணற்கல், களிமண், கூழாங்கல் அடுக்கு எல்லாம் மாறி மாறி வரும். அங்கே ஒரு மேல்நிலை நீர்த்தொட்டிக்காகப் போட்ட துளை 3.2 மீட்டரில் முடிந்திருந்தது. "ரெஃப்யூசல். கடினப் பாறை." 50 அடி அடித்தும் ஸ்பூன் 15 சென்டிமீட்டர் இறங்கவில்லை என்றால் ரெஃப்யூசல், வேலை முடிந்தது, மூட்டை கட்டலாம். நாங்கள் வைர முனை போட்டு ஊடுருவினோம். இரும்புச் சத்து கட்டிய ஓடு 1.1 மீட்டர். அதற்குக் கீழே மஞ்சளும் வெள்ளையுமாகக் களி கலந்த மணல், எண் 14. தேங்காய் ஓட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளேயும் ஓடுதான் என்று எழுதியிருக்கிறார்கள்.

ஸ்பூனின் உள்விட்டம் 35 மில்லிமீட்டர் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். எலுமிச்சம்பழ அளவுக் கூழாங்கல் அதற்குள் நுழையாது. வாயில் அடைத்துக்கொண்டு அடி எண்ணிக்கையை ஏற்றிவிடும். மேலே வருவது பிடி மணல் மட்டும். லாக்கில் "மிக இறுகிய மணல்" என்று பதிவாகும். மாதிரி எத்தனை சென்டிமீட்டர் கிடைத்தது என்ற பத்தி லாக்கில் இருந்தால் அதை முதலில் பார்ப்பேன். இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கேட்பேன்.

நீர்மட்டத்தில் ஏமாந்தது என் முறை அல்ல, நண்பருடையது. பக்கத்தில் நின்று நானும் நனைந்தேன். வில்லியனூர் அருகே நிலத்தடி வாகன நிறுத்தத்துடன் ஒரு கட்டடம். மே மாத லாக்கில் நீர்மட்டம் 3.2 மீட்டர். பள்ளம் தோண்டியது நவம்பரில். இந்தக் கரையில் வருட மழையில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கொட்டும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும், லாக்குக்குத் தெரியாது. ஒரு மீட்டர் தோண்டுவதற்குள் தண்ணீர். இரண்டு பம்பு, மூன்று பம்பு, கடைசியில் பள்ளத்தின் ஒரு பக்கம் சரிந்தது. தேதி லாக்கின் மேல் மூலையில் சின்ன எழுத்தில் இருந்தது. அதோடு, அந்த 3.2 மீட்டர் அளவைத் துளை முடித்த அதே மாலையில் எடுத்திருந்தார்கள். வாஷ் தண்ணீரும் பெண்டோனைட்டும் நிரம்பிய துளையில் அன்றே அளப்பது, நாம் ஊற்றிய தண்ணீரை நாமே அளப்பதுதான். குறைந்தது ஒரு நாள் விட வேண்டும்; களிமண்ணில் இன்னும் அதிக நாள். இப்போது நான் பக்கமெல்லாம் ஓட்டை போட்ட குழாய் ஒன்றைத் துளைக்குள் இறக்கிவிட்டு, மழைக்காலம் வரை மாதம் ஒரு முறை போய் அளக்கச் சொல்கிறேன். ஒரு மனையில் அந்தக் குழாயில் கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். அளப்பதற்கு அது இடைஞ்சல் இல்லை.

லாக்கின் பூஜ்ஜியம் எங்கே என்ற கேள்வியும் அப்படித்தான். "தரைமட்டத்திலிருந்து ஆழம்" என்று எழுதியிருக்கும். எந்தத் தரை? வாங்கியபோது இருந்ததா, மண் கொட்டிய பிறகா? நான்கு துளைகளின் வாய் மட்டத்தையும் லெவல் கருவி வைத்து எடுக்காமல், பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, ஒரே அடுக்கின் கோடுகளைப் பென்சிலால் இணைத்தால் மண் சரிவாக இறங்குவது போலத் தெரியும். உண்மையில் சரிந்திருப்பது மனைதான். அந்தக் குறுக்குவெட்டுப் படங்களே ஆபத்தானவை. துளைக்கும் துளைக்கும் நடுவே இருக்கும் கோடு யாரும் பார்க்காத இடத்தில் போட்ட கோடு. எங்கள் மண்டபத்திலும் மூன்றாம் துளைக்கும் நான்காம் துளைக்கும் இடையே நான் ஸ்கேல் வைத்து நேர்கோடு போட்டிருந்தேன்.

இப்போது ஒரு ரிப்போர்ட் என் மேசைக்கு வந்தால் முதலில் லாக்கைப் பார்ப்பதில்லை. களக் குறிப்பு நோட்டின் போட்டோ கேட்கிறேன். மழையில் நனைந்து, எண்ணெய்க் கறை படிந்து, அடித்துத் திருத்தியிருந்தால் நம்பிக்கை வருகிறது. மிகச் சுத்தமாக இருந்தால் அறையில் உட்கார்ந்து எழுதியது. மாதிரிப் பைகள் இன்னும் இருக்கின்றனவா என்று கேட்டு, இருந்தால் போய்க் கையால் பிசைந்து பார்க்கிறேன். ஆழமற்ற அடித்தளம் என்றால் ஜேசிபி வைத்து மூன்று மீட்டர் வரை ஓரிரு குழி தோண்டிவிடுகிறேன். ஆள் உள்ளே இறங்கக் கூடாது, மேலே நின்றே பார்க்கலாம். ஒரு மணி நேர வாடகையில், 35 மில்லிமீட்டர் குழாய்க்குள் தெரியாத மண் சுவர் முழுசாகக் கண் முன்னால் நிற்கும்.

ஊர்ப் பெயரையும் விடுவதில்லை. தாழங்குடா என்றால் தாழையும் நீரும், நாணமேடு என்றால் மேடு, உப்பலவாடி என்றால் உப்பு. பெயர் சாட்சியமாகாது, ஆனால் எங்கே கூடுதலாக ஒரு துளை போடலாம் என்று கைகாட்டும்.

படிவத்தையும் மாற்றினேன். ஆழ வரிசைகளுக்கு வலது பக்கம் அகலமான ஒரு வெற்றுப் பத்தி. தலைப்பு: "மேஸ்திரி சொன்னது". ராடு தானாக இறங்கியது, தண்ணீர் திரும்பி வரவில்லை, நிறம் மாறியது, கல்லில் முட்டும் சத்தம் கேட்டது, சாப்பாட்டுக்குப் போய் வந்தபோது துளை அடைத்திருந்தது, எல்லாம் அங்கே போகும். அலுவலகத்தில் ஒருவர் இதைத் தொழில்முறையாக இல்லை என்றார். பத்தி இருக்கட்டும், தலைப்பை மட்டும் "துளையிடும்போது கண்டவை" என்று மாற்றிக்கொள்ளலாம் என்று சமாதானம் ஆனோம். நான் நேரில் போகும் களங்களில் இன்றும் பழைய தலைப்புள்ள படிவத்தைத்தான் நகலெடுத்துக்கொண்டு போகிறேன்.

மண்டபத்து விரிசல்களின் குறுக்கே அப்போது சின்னக் கண்ணாடித் துண்டுகளைச் சிமெண்டு வைத்து ஒட்டினோம். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். முதல் வருடம் இரண்டு உடைந்தன. மூலை முற்றத்திலிருந்து கிராவலில் பாதியை வெட்டி எடுத்த பிறகு மறுபடி ஒட்டியவை நிற்கின்றன. உரிமையாளர் மழைக்காலம் முடிந்ததும் தவறாமல் போன் செய்து கண்ணாடி நிலவரம் சொல்வார். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணை பெருக்கெடுத்து கடலூரே தண்ணீரில் நின்ற வாரத்தில், அவராகவே கூப்பிட்டார். ஒரு கண்ணாடியும் உடையவில்லை என்றார். பிறகு சற்றுத் தயங்கிவிட்டு, முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது, நான்கைந்து லோடு கிராவல் மட்டும் கொட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார்.